மாலை ஆறு மணிக்கு மேல்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில், மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

அழைப்பிதழில் ‘போதை மீட்பு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மீட்பைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. சிகிச்சை முடிந்து, ஒரு பையில் நாலு துணியும் ஒரு மாத்திரைச் சீட்டுமாக வீட்டு வாசலில் வந்து இறங்குகிறாரே, அந்த மனிதருக்கு அன்று மாலை ஆறு மணிக்கு மேல் என்ன நடக்கிறது? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

சிகிச்சை மையத்துக்குள் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் உடம்போடு மல்லுக்கட்டு. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். வேறு சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றல் வரும். அது உயிருக்கே ஆபத்தான கட்டம். மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து அதைத் தாண்ட வைக்கிறார்கள். பிறகு சில வாரங்கள் ஆலோசனை, குழுப் பேச்சு, குடும்பத்தாரோடு சந்திப்பு. அந்த மதில் சுவருக்குள் யாரும் குடிப்பதில்லை. அங்கே கடை இல்லை, கையில் காசு இல்லை, கூட்டாளி இல்லை. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பிள்ளை தலையில் கை வைத்து, “இனிமே தொட்டா நான் மனுஷனே இல்ல” என்று சத்தியம் செய்கிறார். அந்தச் சத்தியம் பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் அவர் அதை முழு மனதோடுதான் செய்கிறார்.

ஆனால் திரும்பக் குடிப்பவர்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மெக்லெல்லனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், போதைச் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் பழையபடி பயன்படுத்துவதாகக் கணக்குக் காட்டினார்கள். அதோடு நிற்காமல், ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நோய் முற்றி மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. பிரஷர் ஏறிவிட்டது என்று மாமியாரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, “உனக்கு வைராக்கியம் போதாது” என்று யாரும் அவரைத் திட்டுவதில்லை. குடிகாரனைத் திட்டுகிறோம்.

சரி, வைராக்கியம் இல்லையென்றால் வேறு எது? இதற்குப் பதில் தேடுவதற்கு வியட்நாம் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

வியட்நாம் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக ஹெராயின் பழகினார்கள். சரக்கு மலிவு, சுத்தம், கைக்கு எட்டும் தூரம். இத்தனை பேர் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று வாஷிங்டனில் பயந்துபோனார்கள். 1971இல், சிறுநீர்ச் சோதனையில் தேறினால்தான் விமானம் என்று உத்தரவு போட்டார்கள். லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் அந்த ஆண்டு செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். ஐந்தில் ஒருவர், தான் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார். ஊருக்கு வந்த முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மூன்று ஆண்டுக் கணக்கு எடுத்தாலும் 12 சதவீதம். கேட்டவர்கள் நம்பவில்லை, ராபின்ஸின் கணக்கையே சந்தேகப்பட்டார்கள். ஆனால் அது நின்றது.

இடம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயது, போர், பயம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. போதை பழகிய பதுங்குகுழி, போதை கொடுத்த கை, போதை தேவைப்பட்ட ராத்திரி எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டன. சிப்பாய் மட்டும் வீட்டுக்கு வந்தான்.

நம்ம ஊர்க்காரருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. குடி பழகிய இடம் சொந்த ஊர். சிகிச்சை நடந்த இடம் வெளியூர். சிகிச்சை முடிந்ததும் அவரை எங்கே அனுப்புகிறோம்? குடித்த இடத்துக்கே. அதே பேருந்து நிறுத்தம், அதே கூட்டாளி, அதே சனிக்கிழமை. சிப்பாயை மறுபடி வியட்நாமுக்கே அனுப்பிவிட்டு, “உறுதியா இருப்பா” என்று சொல்லி அனுப்புகிற கதைதான் இது.

இடம் உடம்பையே ஆட்டிவைக்கும் என்பதை ஏப்ரகாம் விக்லர் என்ற மருத்துவர் 1940களிலேயே பார்த்துவிட்டார். அமெரிக்காவின் லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில், போதை நின்று மாதக்கணக்கான நோயாளிகள் வட்டமாக உட்கார்ந்து பழைய நாட்களைப் பேச ஆரம்பித்தால் போதும், கண்ணில் நீர் வடியும், மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும். மருந்தை நிறுத்திய முதல் நாள் வருகிற அத்தனை அறிகுறியும் பேச்சிலேயே வந்தன. நம் ஊரில் அதற்குப் பேச்சுகூட வேண்டாம். மீன் வறுவல் வாசம் போதும். பாருக்கு வெளியே கேட்கிற பிளாஸ்டிக் டம்ளர் சத்தம் போதும். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. மாநிலத்தில் இப்படி 4,000க்கு மேற்பட்ட கடைகள். ஆண்டில் எட்டு நாள் விடுமுறை. அதற்கும் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. தப்பித்து ஓட எங்கே இடம்?

ஒரு கொத்தனாரைப் பற்றிச் சொல்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலையில் கெட்டிக்காரர், சுவர் எழுப்பினால் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கத் தேவையில்லை. மூன்று தடவை மையத்துக்குப் போய் வந்தவர். மூன்று தடவையும் விழுந்தது சனிக்கிழமைதான். நாலாவது தடவை வீட்டுக்குக் கிளம்புமுன், சத்தியம் எதுவும் வேண்டாம், ஒரு தாளில் உங்கள் சனிக்கிழமையை வரைந்து காட்டுங்கள் என்று கேட்டோம்.

வரைந்தார். ஐந்தரைக்கு வேலை முடிகிறது. மேஸ்திரி கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் இடம் கட்டடத்தில் இல்லை, மெயின் ரோட்டில் ஒரு மரத்தடி. அங்கிருந்து கடை கூப்பிடு தூரம். அத்தனை பேர் கையிலும் ஐந்நூறு ரூபாய்த் தாள், சில்லறைக்கு என்ன செய்வது? நாலு பேர் சேர்ந்து ஒரே தாளில் வாங்கிவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்வார்கள். இவர் மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பழைய சோறோடு இருக்கிறார். பசி, அசதி, கையில் காசு, “ஒரு கட்டிங் போட்டுட்டுப் போலாம் மாப்ள” என்று தோளில் ஒரு கை. இந்த நாலும் ஒரே நிமிஷத்தில் கூடுகிற இடத்தில், போன மாதம் செய்த சத்தியம் எம்மாத்திரம்?

தாளில் நாலு மாற்றம் செய்தோம். சனிக்கிழமைக் கூலி மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போனது. மேஸ்திரி முதலில் முறுக்கிக்கொண்டார், பிறகு ஒப்புக்கொண்டார். நாலரைக்கு, வேலை நடக்கும்போதே, இரண்டு வாழைப்பழம் அல்லது வடையும் டீயும். வயிறு காலியாக இருந்தால் ஏக்கம் இரண்டு மடங்கு ஏறும், இது அனுபவப்பட்ட எல்லாருக்கும் தெரியும். பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின்பக்கத் தெரு வழியாக நடை. ஆறிலிருந்து எட்டு வரை தங்கச்சி மாப்பிள்ளையின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட உதவி. ஆள் நன்றாக இருக்கிறார். ஒரே குறை, பஞ்சர் கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் அறிவுரை சொல்கிறார். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இப்படி ஏற்பாடு செய்து குடியை நிறுத்துவது ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கார்த்திகை பிறந்தால் நம் தெருவிலேயே நடக்கிறது. ஆண்டு முழுக்கக் குடிக்கிற மனிதர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். மாலை கழுத்தில் இருக்கும் வரை ஒரு சொட்டுத் தொடுவதில்லை. எப்படி முடிகிறது? பக்தி என்பீர்கள், அதை நான் மறுக்கவில்லை. பக்தியோடு கூட வருகிற ஏற்பாட்டையும் பாருங்கள். விடியற்காலைக் குளியல். தனிப் பாத்திரம், நேரத்துக்குச் சாப்பாடு. கறுப்பு அல்லது காவி வேட்டி, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். வீட்டில் பெண்டாட்டியிலிருந்து தெருவில் ஆட்டோக்காரர் வரை “சாமி, சாமி” என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் சரியாகக் கடைக்குப் போகிற நேரத்தில் பஜனை. குருசாமி என்று ஒருவர், கேள்வி கேட்க உரிமை உள்ளவர். மிக முக்கியமாக, மாலை போட்டவரை “வா, ஒரு ரவுண்டு” என்று கூப்பிட எந்தக் கூட்டாளிக்கும் துணிச்சல் வராது. ஊரே சேர்ந்து அந்த மனிதரைக் காவல் காக்கிறது. மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் இத்தனை ஏற்பாடும் ஒரே நாளில் காணாமல் போகிறது. அன்று ராத்திரியே பாட்டில் திறந்தவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போனால் தவறு. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்கக் குடிப்பவர், மாலை போடுகிறேன் என்று ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. முதலில் சொன்னேனே, வலிப்பும் பிதற்றலும், அது இவர்களுக்கு வரும். முதலில் மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்திவிட்டுப் பிறகு மாலை போடட்டும்.

ஊரையே சிகிச்சைக்குள் கொண்டுவர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்றால் உங்களுக்குத் தெரியும். அவர்கள் 1980களின் கடைசியில் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக்குப் போனார்கள். நோயாளியைச் சென்னைக்கு வரவழைக்காமல், கிராமத்திலேயே முகாம் போட்டுத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். உள்ளூர் ஆட்கள் கூட நின்றார்கள், குடும்பத்தையும் உள்ளே இழுத்தார்கள். முகாம் முடிந்து வீட்டுக்கு நடந்து போகிறவரைத் தெருவில் பார்க்கிறவர்களுக்கு அவர் எங்கிருந்து வருகிறார் என்பது தெரியும். எதற்குப் போனார் என்பதும் தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. பெரிய கட்டடம் கட்டி ஊருக்கு வெளியே வைப்பதைவிட இது நல்ல வழி என்பது என் கட்சி.

இனி வீட்டுக்குள் வருவோம். தாய்மார்களே, இது உங்களுக்கு.

அவர் குடியை நிறுத்தியதும் வீடு உடனே கோயிலாகிவிடும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நடப்பது வேறு. இத்தனை வருஷம் அடக்கி வைத்த கோபம், அவர் தெளிவாக உட்கார்ந்திருக்கும்போதுதான் உங்களுக்குப் பொத்துக்கொண்டு வரும். குடித்திருந்தபோது பேசி என்ன பயன் என்று விட்டுவைத்த கணக்கெல்லாம் இப்போது வாய்க்கு வரும். கடன் கொடுத்தவர்களும் சும்மா இருப்பதில்லை. ஆள் தெளிந்துவிட்டான் என்று காதில் விழுந்ததும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். மகளிர் குழுவில் உங்கள் பேரில் எடுத்த கடனும் அதில் ஒன்று. அவருக்கோ இரவில் தூக்கம் இல்லை. குடி நின்றும் பல வாரம், சிலருக்குப் பல மாதம், தூக்கம் சீராகாது. சிடுசிடுப்பு இருக்கும். “இருபது நாளா தொடல, இன்னும் என்னை நம்ப மாட்டேங்கிற” என்று அவர் கத்துவார். “இருபது வருஷம் குடிச்சியே, இருபது நாள்ல நம்பிடணுமா” என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் அந்தச் சண்டையை ராத்திரி ஏழு மணிக்குப் போடாதீர்கள். காலையில் போடுங்கள், கடை மூடியிருக்கும்.

வாசலில் நிறுத்தி “வாயை ஊது” என்று மோந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் போலீஸ் ஸ்டேஷன் நடத்த உங்களால் முடியாது, அது உங்கள் வேலையும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘குடிப்பவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம்’ என்று சுவரில் விளம்பரம் பார்த்து, பொடியோ மாத்திரையோ வாங்கிக் காபியில் கலந்து கொடுக்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் இருப்பது டைசல்ஃபிரம் என்ற மருந்து. கோபன்ஹேகனில் ஹால்ட், யாகோப்சென் என்ற இரண்டு பேர், குடற்புழுவுக்கு ஆகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு விருந்தில் மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து அவதிப்பட்டார்கள். 1948இல் அதைக் குடிநோய்க்கு மருந்தாக அறிவித்தார்கள். நல்ல மருந்துதான், ஆனால் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து. உள்ளே இது இருப்பது தெரியாமல் ஒருவர் குவார்ட்டரைக் கவிழ்த்தால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். இதய நோயாளி என்றால் உயிரே போகலாம். கடைசி மாத்திரை சாப்பிட்டு இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். தெரியாமல் கலந்து கொடுப்பது சிகிச்சை ஆகாது. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. சீட்டில் எழுதிக் கொடுத்தால் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

அடுத்து, சறுக்கல். நாற்பதாவது நாள் ஒரு சாவு வீட்டில் ஒரே ஒரு கட்டிங் இறங்கிவிட்டது. இனி என்ன? சியாட்டிலில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இந்தக் கட்டத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். 1985இல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த புத்தகத்தின் சாரம் நம் பழமொழியில் இருக்கிறது: தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன. இந்த நினைப்புதான் ஒரு கட்டிங்கை ஒரு மாதக் குடியாக்குகிறது. முதல் கிளாஸ் செய்வதைவிட, அதற்குப் பிறகு வரும் வெட்கம் அதிகம் கெடுக்கிறது. சாணுக்கும் முழத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சாணில் இருக்கும்போதே ஆலோசகரைக் கூப்பிடுங்கள். அன்று ராத்திரியே கூப்பிடுங்கள்.

வெட்கப்படுகிறவர்களுக்கு டாக்டர் பாபின் கதையைச் சொல்வது வழக்கம். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து ஓட்டல் கூடத்தில் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் தனியாக நிற்கிறார். வந்த வியாபாரம் கெட்டுப்போயிற்று. குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். அவர் தொலைபேசிப் பக்கம் போய், தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பேசினார்கள், பாப் குடியை விட்டார். சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனவர் அங்கே மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்தார். வில்சன் அவரை விரட்டவில்லை. 1935 ஜூன் 10இல் பாப் கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரே வழியில் சறுக்கியவர்.

ஏ.ஏ. கூட்டம் நம் ஊர்களிலும் நடக்கிறது. பள்ளிக்கூட வகுப்பறையிலோ மாதா கோயில் கூடத்திலோ, பெரும்பாலும் சாயங்காலத்தில். கட்டணம் இல்லை. முழுப்பெயர், சாதி, வேலை எதுவும் கேட்பதில்லை. 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, விடாமல் குடிக்காதிருப்பதில் இந்த வழிமுறை மற்றச் சிகிச்சைகளை விடக் கூடுதல் பலன் தருகிறது என்று சொன்னது. கடவுள் பேச்சு சிலருக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், யாரும் எழுப்பமாட்டார்கள். குடிக்கிற பெண்களுக்குத்தான் இந்தக் கூட்டங்களுக்கு வருவது கஷ்டம். அவர்களுக்கு என்று தனி இடம் இன்னும் போதவில்லை. மனைவிமாருக்கு 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் உண்டு. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

ஊசியும் வலி மாத்திரையும் பழகிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே இருந்தால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரம் நிறுத்தியிருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு தினமும் போட்ட அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். மையத்திலிருந்து வந்த முதல் சில வாரங்களில்தான் சாவு அதிகம். இதைப் பிள்ளையிடம் பச்சையாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, குடிக்காதவர்களுக்கும் அளவாகக் குடிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரிகளே, முதலாளிகளே, சிகிச்சை முடித்து வந்தவர் கேட்டால் அவர் கூலியைச் சனிக்கிழமை சாயங்காலம் மரத்தடியில் எண்ணிக் கொடுக்காதீர்கள். வீட்டுக் கணக்கில் போடுங்கள், அல்லது திங்கட்கிழமை காலையில் கொடுங்கள். கல்யாண வீட்டுக்காரர்களே, “இன்னைக்கு ஒரு நாளைக்கு என்ன மாப்ள” என்று அவர் தோளில் கை போடாதீர்கள். பந்தியில் பரிமாற ஆள் வேண்டும், அவரைக் கூப்பிட்டு வாளியைக் கையில் கொடுங்கள். ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவிக்கிற வீட்டுக்கு 14446 என்ற எண்ணைச் சொல்லுங்கள். போதைக்கான தேசிய உதவி எண் அது, கட்டணம் கிடையாது.